ஓட்டை இல்லாத துணி

என் மகளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பதை எனக்குச் சொன்னது ஒரு துண்டுத் துணி. டாக்டர் சொல்லும் முன்பே அது சொல்லிவிட்டது. பத்து வயது வரை அவள் என் பக்கத்தை விட்டு அகன்றதில்லை. வீட்டில் மகள், பாடசாலையில் மாணவி. தினமும் காலையில் அவளுக்குத் தலை வாரி, ரிப்பன் கட்டி, முகத்தை நிமிர்த்திப் பவுடர் போட்டவள் நான். அந்த முகத்தில் இருந்த இரண்டு கண்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. இது நடந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. இன்றைக்கும் எங்காவது மெல்லிய துணியில் கிராஸ் தையல் போட்டிருப்பதைக் கண்டால் என் விரல் தானாகப் போய் அதைத் தடவிப் பார்க்கிறது.

இலங்கையின் மலைநாட்டில், ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் கணவர் டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் சலித்துப் பெட்டியில் அடைப்பது வரை தொழிற்சாலை அவர் பொறுப்பு. நான் அதே தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியை. ஒரே நீளமான அறை, ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். கிழமையில் இரண்டு நாள் கடைசிப் பாடம் கைவேலை. அதில் கிராஸ் தையல் பழக்குவேன். சாய்வாக ஒரு தையல், அதன் மேல் எதிர்ப்பக்கம் சாய்வாக இன்னொன்று. ஒரு பெருக்கல் குறி வந்துவிடும். அப்படி நூற்றுக்கணக்கான குறிகள் சேர்ந்தால் ஒரு பூவோ பறவையோ ஆகும். துணியின் இழைகளை எண்ணித்தான் ஒவ்வொரு குறியையும் போட வேண்டும். இழை தப்பினால் பறவை கோணிக்கொள்ளும்.

அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியிருந்த அந்த வருடங்களில் வெளிநாட்டுச் சாமான்கள் எதுவும் வருவதில்லை. வரிசையில் நின்று வாங்குகிற துணி சட்டை தைக்கவே போதாது. தையல் பழகத் துணிக்கு எங்கே போவது? ஆகவே நாங்கள் சாக்கில் தைத்தோம். காலி அரிசிச் சாக்கைச் சலவைச் சோடாவில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் காயவைத்துத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பேன். சாக்கின் பின்னல் பெரிது. இழைக்கும் இழைக்கும் நடுவே தீக்குச்சி நுழையும். நூலுக்குப் பழைய சுவெட்டர்களைப் பிரித்தோம். எங்கள் பக்கத்துக் குளிருக்கு எல்லா வீட்டிலும் கிழிந்த சுவெட்டர் ஒன்றாவது இருக்கும்.

மாதிரிப் படம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கணக்குக் கொப்பியின் கட்டத்தாளில் நானே வரைந்த சேவல், வேலிமேல் நிற்கிறது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு தாளை எப்படிக் காட்டுவது? நான் நாற்காலியில் உட்கார்ந்து உரக்க வாசிப்பேன். "சிவப்பு ஏழு. கறுப்பு மூணு. திரும்பவும் சிவப்பு ரெண்டு." பிள்ளைகள் காதால் கேட்டுத் தைப்பார்கள். என் மகள் இரண்டாம் முறை கேட்கத் தேவையிருக்காது. முழுச் சேவலும் அவளுக்கு மனப்பாடம்.

அவள் தைக்கும் விதமே தனி. துணியைப் பார்க்க மாட்டாள். முகத்தை நிமிர்த்தி ஜன்னலையோ என்னையோ பார்த்தபடி, பக்கத்துப் பிள்ளையோடு கதைத்தபடி இருப்பாள். இடது கை சாக்கின் அடியில் இருக்கும். விரல் நுனி ஓட்டையைத் தடவிக் கண்டுபிடிக்கும், ஊசி சரியாக அந்த விரலைத் தேடி வரும். ஒரு தையல் கூடத் தப்பாது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் மூக்கு சாக்கில் முட்டக் குனிந்துகொண்டு திணறுவார்கள்.

எனக்கு அதில் பெருமை. சின்னப் பெருமை இல்லை. ஒருமுறை கல்வித் திணைக்களத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தபோது, நான் அவளைக் கூப்பிட்டு அவர் முன்னால் உட்காரவைத்தேன்.

"இங்க பாருங்க சேர், துணியப் பாக்காமலே தைக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அடேயப்பா, விரல்லயே கண்ணு இருக்கு போல" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

வேறு அடையாளங்களும் இருந்தன. புத்தகம் வாசிக்கும்போது கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். அவள் அப்பா அதைக் கண்டால், "ஸ்ஸ், சத்தம் போடாதீங்க, பெரிய தொரை பேப்பர் படிக்கிறாரு" என்பார். தோட்டத்துத் துரை அப்படித்தான் பங்களா வராந்தாவில் பேப்பரைத் தூரப் பிடித்துப் படிப்பார். வீட்டில் அவளுக்குத் தொரை என்றே பேராகிவிட்டது. பின்னேரங்களில் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். பனி பட்டதால் வந்தது என்று நெற்றியில் தைலம் தடவினேன். கரும்பலகையில் நான் எழுதுவதைக் கடைசி வாங்குப் பலகையிலிருந்தே வாசித்தாள். அப்படி வாசிக்கிற பிள்ளையின் கண்ணை யார் சந்தேகிப்பார்கள்? இந்தக் கேள்வியை நான் எனக்கே ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாயிற்று. ஒரு தடவை கூட அது எனக்குச் சமாதானம் தந்ததில்லை.

பிறகு அரசாங்கம் மாறியது. கடைகளில் வெளிநாட்டுச் சாமான்கள் நிறையத் தொடங்கின. பதுளையில் பாடசாலைகளின் கைவேலைக் கண்காட்சி ஒன்று வைக்கப்போவதாக எங்களுக்குக் கடிதம் வந்தது. அதற்கு ஏதாவது வாங்கலாம் என்று ஒரு சனிக்கிழமை பதுளைக் கடைத்தெருவில் நான் எப்போதும் போகும் துணிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் முஸ்லிம், என்னிலும் மூத்தவர், அண்ணன் முறையில் நானா என்பேன். வழக்கமாக என்னைச் சாக்கு டீச்சர் என்று கேலி செய்வார்.

"டீச்சர் இன்னமும் சாக்குலதானா? இதக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

தந்த நிறத்தில் ஒரு துணி. மெல்லியது, ஆனால் ஒவ்வோர் இழையும் தனித்தனியாக, நேராக, ஒரே கனத்தில் ஓடியது.

"என்னா துணி நானா இது?"

"பேரு எனக்கே வாயில நுழையல. கப்பல்ல வந்த சாமான். இழைய எண்ணலாம், அவ்வளவு நேர். எண்ணிப் பாருங்களே."

"எண்ணி முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிரும்."

"பஸ் போனா அடுத்த பஸ் வரும் டீச்சர். இந்தத் துணி போனா அடுத்த கப்பல்தான்."

ஒரு முழம் வாங்கினேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மடியில் விரித்து எண்ணிக்கொண்டே வந்தேன். சாக்கில் ஓர் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இழை இருக்கும். இதில் இருபத்தைந்துக்கு மேல். சாக்கில் போலவே இரண்டு இழைக்கு ஒரு குறி என்று போட்டால், சாக்கில் சாப்பாட்டுத் தட்டளவு வந்த சேவல் இதில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தையல் என்றே தெரியாது, வர்ணத்தில் தீட்டியது போல இருக்கும். யார் தைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் துணியை மகளிடம் கொடுத்தேன். வாங்கி, கன்னத்தில் வைத்தாள். விரலால் மேலும் கீழும் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள்.

"ரொம்ப வழவழன்னு இருக்கும்மா" என்றாள்.

முதல் நாள் அவள் தைத்துக் கொடுத்ததைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். முதல் வகுப்புப் பிள்ளை தைத்தது போல இருந்தது. ஒரு குறி இரண்டு இழையில், அடுத்தது நாலு இழையில், அதற்கடுத்தது பாதி வழியில் நூலையே துளைத்துக்கொண்டு. பிரித்தேன். திரும்பக் கொடுத்தேன். இரண்டாம் நாளும் அப்படியே.

"ரெண்டு இழை எண்ணி எடுன்னு சொன்னேன்ல?"

"எண்ணித்தாம்மா எடுத்தேன்."

"பொய் சொல்லாத."

மூன்றாம் நாள் கோடு போடும் அடிமட்டத்தால் அவள் விரல் முட்டியில் அடித்தேன். வலது கையில். அவள் அழவில்லை, கையை உதறிவிட்டு மறுபடி ஊசியை எடுத்தாள். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

அவள் அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "சாக்குல தச்ச புள்ளைகிட்ட திடீர்னு இதக் குடுத்தா தடுமாறத்தான் செய்யும். நம்ம பெக்டரியில புதுச் சல்லடை மாட்டுனாலே ரெண்டு நாளைக்கு எல்லாம் கோளாறாத்தான் போகும்" என்றார்.

"உங்க சல்லடைக் கதைய விடுங்க. அவளுக்கு ஒடம்பு வணங்கல, அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை அவள் துணியை எடுத்துக்கொண்டு விறகுக் கொட்டில் பக்கம் போய்விட்டாள். சனிக்கிழமையும் அங்கேயே இருந்தாள். எட்டிப் பார்த்தால் மடியில் மறைத்துக்கொண்டாள். ஞாயிறு காலை, நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது வந்து, "இந்தாங்க" என்று நீட்டினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

சேவலின் கொண்டையும் தலையும் வந்திருந்தன. ஐந்து வரிசை. அத்தனை குறியும் ஒரே அளவு, ஒரே சாய்வு, நூல் பிடித்தது போல நேர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடித்ததற்குப் பலன் கிடைத்தது என்றுகூட நினைத்தேன். அடுத்த நிமிடம்தான் கவனித்தேன். குறிகள் பெரிதாக இருந்தன. எண்ணினேன். ஒவ்வொன்றும் ஐந்து இழை அகலம். இந்தக் கணக்கில் போனால் சேவல் சாக்கில் வந்த அதே தட்டளவுக்கு வந்துவிடும். ஐந்து இழையை இத்தனை ஒழுங்காக எண்ணத் தெரிந்தவளுக்கு இரண்டு இழை எண்ண முடியாதா?

அப்போது ஒரு குறியின் அடியில் பழுப்பாக மயிர் போல ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். ஊசியால் நெம்பி இழுத்தேன். விரல் நீளத்துக்கு வந்தது. சாக்கு நார்.

"என்னா இது?"

"சாக்கு."

"சாக்கு இங்க எப்பிடி வந்துச்சு?"

"துணிக்கு மேல சாக்க வச்சு, ரெண்டையும் சேத்துத் தச்சேன். தச்சு முடிச்சுட்டுச் சாக்கு நூல ஒவ்வொண்ணா உருவிட்டேன்."

"உருவுனியா? எப்பிடி உருவுன?"

"தண்ணி தொட்டு நனைச்சு, பல்லால."

அவள் கீழுதட்டில் நார் அறுத்த கோடு சிவப்பாக இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஏமாற்று வேலை என்று நினைத்தேன். சோம்பேறிப் பிள்ளை செய்கிற குறுக்கு வழி என்று நினைத்தேன். அதில் இருந்த உழைப்பு என் கண் முன்னால் கிடந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

"இவ்வளவு பாடுபட்டதுக்கு ஒழுங்கா எண்ணியே தச்சிருக்கலாமே."

"எத எண்ணுறது?"

"துணியில ஓட்டை இருக்குல்ல, அத."

"இந்தத் துணியில ஓட்டை இல்லம்மா."

எதிர்த்துப் பேசுகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. வெளியே மழை இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

நான் அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. துணியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். ஆயிரக்கணக்கான புள்ளிகளாக வெளிச்சம் துணி வழியே வந்தது.

"இப்பப் பாரு. இருக்கா இல்லையா?"

அவள் துணியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பதில் சொன்னால் நான் அடங்குவேன் என்று தேடுகிற பார்வை அது. இத்தனை வருடம் அந்தப் பார்வையைப் பார்த்திருக்கிறேன், அன்றுதான் அது என்னவென்று புரிந்தது.

"இருக்கும்மா" என்றாள்.

"எங்க, ஒரு ஓட்டையில ஊசிய வை."

அவள் கண்ணைத் துணியிலிருந்து எடுத்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் துணியைத் தடவத் தொடங்கினாள்.

துணியை வாங்கி மடக்கினேன். "ஒரு கண்ண மூடு" என்றேன். அவள் இடது கண்ணைப் பொத்தினாள். நாலடி தள்ளி நின்று விரல்களைக் காட்டினேன். சரியாகச் சொன்னாள். முகத்தருகே கொண்டுவந்தபோது தலையைப் பின்னுக்கு இழுத்து, சிரமப்பட்டுச் சொன்னாள். "இப்ப மத்தக் கண்ண மூடு" என்று அவள் வலது கண்ணை நானே பொத்தினேன். மூன்று விரலைக் காட்டினேன்.

"எத்தன?"

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அது பாக்குற கண்ணு இல்லையே."

"என்னா சொல்ற?"

"பாக்குற கண்ண மூடிட்டு எப்பிடிப் பாக்குறது? கை இருக்குறது தெரியுது. எத்தனன்னு தெரியாது." பிறகு, என் கையை விலக்கிவிட்டு, ஆசையாகக் கேட்டாள். "ஒங்களுக்கு எந்தக் கண்ணும்மா?"

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வலது கைக்காரர், இடது கைக்காரர் இருப்பது போல, ஒவ்வொருவருக்கும் பார்க்கிற கண் என்று ஒன்று இருக்கும், மற்றது முகத்துக்குச் சோடியாக இருக்கும் என்று என் பிள்ளை பத்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"ரெண்டும்" என்றேன்.

"ரெண்டுமா?" அவள் நம்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோவாப் பாத்தியில் நின்ற அப்பாவிடம் ஓடினாள். "அப்பா, ஒங்களுக்குப் பாக்குற கண்ணு எது?"

அவர் விடுகதை என்று நினைத்துக்கொண்டார். "ரெண்டும்தான். நெத்திக் கண்ணு மட்டும் இன்னும் தொறக்கல. ஒங்கம்மாவுக்கு அதுவும் தொறந்தாச்சு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர், படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே போட்டார்.

செவ்வாய்க்கிழமை மூவரும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண் டாக்டர் சிங்களத்தவர், என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். மகளின் கண்ணில் மருந்து விட்டு, இருட்டறையில் வைத்து, வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை உட்காரச் சொல்லி விளக்கினார். இரண்டு கண்ணிலும் நோய் எதுவும் இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்தே கிட்டத்தில் உள்ளது தெளியாத கண்கள். வலது கண்ணுக்குத் தூரத்தில் உள்ளது தெரிகிறது, பக்கத்தில் உள்ளது கலங்குகிறது, அதற்குத்தான் தலைவலி. இடது கண்ணில் குறை இன்னும் அதிகம். அது அனுப்புகிற படம் எப்போதும் மங்கலாக இருந்ததால், மூளை அதை ஒதுக்கிவிட்டு வலது கண்ணை மட்டும் நம்பப் பழகிவிட்டது. நாலைந்து வயதில் கொண்டுவந்திருந்தால் பழக்கத்தை மாற்றியிருக்கலாம் என்றார். இப்போது தினமும் இரண்டு மணிநேரம் வலது கண்ணைக் கட்டிவைத்து இடது கண்ணை வேலை செய்யவிட்டுப் பார்க்கலாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள், பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார்.

பிறகு பதிவு எழுதுவதற்காக, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ஆசிரியை என்றேன். அவர் பேனா ஒரு நொடி நின்றது. அந்த ஒரு நொடியை நான் இன்னும் சுமக்கிறேன்.

எப்படித் தெரியவந்தது என்று கேட்டபோது, கைப்பையிலிருந்து துணியை எடுத்துக் காட்டினேன். சாக்கை வைத்துத் தைத்து உருவியதைச் சொன்னேன். அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். யாருமில்லை என்றேன். பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் குனிந்து மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

"கெட்டிக்காரிதான் நீ. டீச்சர் அம்மாவையே ஏமாத்திட்டியே."

"நான் ஏமாத்தல" என்றாள் என் மகள். மருந்து விட்ட கண்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "எல்லாருக்கும் இப்பிடித்தான்னு நெனச்சேன்."

அந்தக் கிழமையே பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திச் சோதித்தேன். அவர்களுக்கு அது நல்ல விளையாட்டு. விரல் இடுக்கில் எட்டிப் பார்த்தவர்களை மறுபடி நிற்கவைத்தேன். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. நாற்பது பிள்ளைகளில் குறையுள்ள ஒரே பிள்ளை எனக்கு மிக அருகில் இருந்திருக்கிறாள்.

கண்ணாடி மூன்று கிழமையில் வந்தது. பதுளைக் கண்ணாடிக் கடையிலேயே அவளுக்குப் போட்டுவிட்டார்கள். தடித்த கண்ணாடி, அதன் பின்னால் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. தெருவில் நடக்கும்போது தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்து இரண்டு பேர் மேல் மோதினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும், "அந்தத் துணியத் தாங்கம்மா" என்றாள். கொடுத்தேன். முகத்தருகே பிடித்து, ஊசி இல்லாததால் என் சேலைப் பின்னைக் கேட்டு வாங்கி, அதன் நுனியால் ஓட்டைகளை எண்ணத் தொடங்கினாள். பண்டாரவளை வரும் வரை நிமிரவில்லை. வழியெங்கும் வளைவுகள். நான் பின்னின் நுனியையும் அவள் வலது கண்ணையும் பார்த்துப் பதறிக்கொண்டே இருந்தேன். இருக்கிற ஒன்றும் போய்விட்டால் என்ற பயம் அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

"இருந்திருக்கு" என்றாள் கடைசியில். அந்த ஒரு சொல்தான்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்துக்கு மிக அருகே வந்தாள். "அம்மா, ஒங்க மூக்குக்கிட்ட ரெண்டு குழி இருக்கு. எப்ப வந்துச்சு?"

அம்மைத் தழும்பு. அவள் பிறப்பதற்கு முன்பே வந்தது. அந்த மூக்கைப் பிடித்து விளையாடித்தான் அவள் வளர்ந்தாள்.

கண்காட்சி எங்களை விட்டுவிட்டு நடந்து முடிந்தது. துணியின் மறுகோடியில் அவள் தானாகவே ஒரு சின்னச் சேவல் தைத்தாள், இரண்டு இழைக்கு ஒரு குறியாக. உள்ளங்கையளவுதான் வந்தது. பெரிய கொண்டையை நான் பிரிக்க விடவில்லை. ஒரே துணியில் இரண்டும் இருக்கின்றன.

இடது கண்ணுக்கான கட்டு மட்டும் தினசரி நடந்தது. பாடசாலை விட்டதும் இரண்டு மணிநேரம். வலது கண்ணாடியில் கறுப்புத் துணி ஒட்டி, அவளை வாசலில் உட்காரவைப்பேன். கட்டை அவிழ்க்கும் முன் நாலடி தள்ளி நின்று விரல் காட்டுவேன். "எத்தன?" முதல் மாதம் எல்லா நாளும் ஒரே பதில்தான். "கை தெரியுது." இரண்டாம் மாதமும் அதேதான். நான் தினமும் கேட்டேன். கட்டை அவிழ்த்த பிறகு, அந்தக் கண்ணும் போய்விடுமோ என்ற பயத்தில் வலது கண்ணுக்கும் விரல்களைக் காட்டிப் பார்த்தேன். விட்டுவிட எனக்குத் தைரியம் வரவில்லை.

நான்காம் மாதம் ஒருநாள், "மூணு" என்றாள்.

நான் காட்டியது மூன்றுதான். மறுபடி காட்டினேன், வேறு எண்ணிக்கை. "ரெண்டு" என்றாள். அதுவும் சரி. அடுத்து, "அஞ்சு." நான் அவளை அப்படியே விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்கு ஓடினேன். சல்லடை இயந்திரங்களின் சத்தத்தில் என் கணவருக்கு நான் சொல்வது கேட்கவில்லை. அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன். புருவத்தில் தேயிலைத் தூசியோடு அவரும் என் பின்னாலேயே ஓடிவந்தார்.

மகள் கட்டோடு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவுக்குச் சொல்லு" என்று கையை நீட்டினேன். "எத்தன?"

"மூணு."

அவர் என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, தன் கையை நீட்டி, நான்கு விரலைக் காட்டினார்.

"தொரை, இது எத்தன?"

தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். "அப்பா கை காட்டுறீங்களா?" என்றாள்.

"ஆமா. எத்தன விரல்?"

"அப்பா காட்டுனா எப்பிடித் தெரியும்?" என்றாள், இது கூடத் தெரியாதா என்பது போல. "அம்மா எப்பவும் மொதல்ல மூணு காட்டுவாங்க. அப்பறம் ரெண்டு. அப்பறம் அஞ்சு. கட்டு அவுத்தப்பறம் இந்தக் கண்ணுக்குக் காட்டுறப்பவும் இதே வரிசைதான்."

அவள் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கைக்கு எட்டியதைப் பிடித்து நடக்க அவளுக்குத் தெரியும். சாக்கில் அவள் ஓட்டையைத் தடவினாள். என்னிடம் என் பழக்கத்தைத் தடவிக் கண்டுபிடித்திருந்தாள். தினமும் ஒரே வரிசையில் விரல் காட்டிக்கொண்டிருந்தேன் என்பது, காட்டிய எனக்கே தெரியாது.

"சொன்னா நீங்க சந்தோசப்படுவீங்கன்னுதான்" என்றாள்.

ஆறாம் மாதம் டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்பது எங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான் நின்ற இடத்தில் நின்றேன். என் மூன்று விரல்களும் அவளை நோக்கி நீண்டபடியே இருந்தன. என் கணவர்தான் என் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, அவள் கட்டை அவிழ்க்கப் போனார்.